ஈஸ்ட் செல்லின் முதுமை: பராமரிப்பு புகட்டும் பாடம்

(திருப்பதியில் மாணவர்கள், அரசு அலுவலர்கள் ஆகியோர் முன் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1941-51ஆம் பத்தாண்டில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகள் என்று மக்கள்தொகைக் கணக்கு கூறியது. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2016-20 மதிப்பீட்டில் அந்த எண் 70ஐ எட்டியுள்ளது. பெரியம்மை ஒழிந்ததும், மலேரியா, காசநோய் போன்றவற்றால் நேரும் சாவு குறைந்ததும், பஞ்சச் சாவுகள் நின்றதும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடைத்ததும் இதற்குக் காரணங்கள். திட்டமிட்ட முயற்சியால் விளைந்த இப்பயன் பெருமைக்குரியது.

ஆனால் ஒவ்வொரு வெற்றியும் ஒரு புதிய பொறுப்பைக் கொண்டு வருகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேற்பட்டிருந்தனர். 2021ஆம் ஆண்டிற்கு வகுக்கப்பட்ட கணிப்பில் மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கு நாடு முழுவதற்கும் 10.1 விழுக்காடு, ஆந்திரப் பிரதேசத்திற்கோ 12.4 விழுக்காடு. 2031இல் இம்மாநிலத்தின் பங்கு 16.4 விழுக்காட்டை எட்டும் என்று அதே கணிப்பு கூறுகிறது. அதாவது ஆறு பேரில் ஒருவர் முதியவராக இருப்பார். அவர் நடமாடும் முதியவரா, படுக்கையில் கிடக்கும் முதியவரா என்பதைப் பொறுத்தே குடும்பத்தின் வரவு செலவும் அரசின் வரவு செலவும் அமையும். ஆகவே ஆயுளின் நீளத்தை மட்டுமன்றி, நலமாக வாழும் ஆண்டுகளையும் எண்ண வேண்டிய காலம் வந்துவிட்டது.

உடல் ஏன் முதுமை அடைகிறது என்ற வினா இங்குதான் எழுகிறது. மருத்துவமனைகளில் மட்டும் இதற்கு விடை தேடினால் பல தலைமுறைகள் காத்திருக்க வேண்டும். மனிதனின் ஆயுள் ஆராய்ச்சியாளனின் ஆயுளுக்குச் சமமானது அல்லவா? எனவே அறிவியலார் சில நாட்களே வாழும் ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்தனர். அதுவே ஈஸ்ட்.

ஊரறிந்த உயிர்

சித்தூர் வட்டாரத்து விவசாயிக்கு ஈஸ்ட் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். அதன் வேலை நன்கு தெரியும். பிழிந்த கரும்புச் சாற்றை உடனே கொப்பரையில் ஏற்றாமல் வைத்திருந்தால் அது நுரைத்துப் புளிக்கிறது. தோதாபுரி மாம்பழக் கூழைச் சூடேற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் சித்தூர் ஆலைகள், ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்கள் கூழைக் கெடுக்காமல் இருக்கவே அவ்வாறு செய்கின்றன. ரொட்டிக் கடையில் மாவை உப்பச் செய்வதும், சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகிலிருந்து எரிசாராயம் எடுப்பதும் ஈஸ்டின் வேலைகளே.

இவ்வளவு எளிய உயிரை மனிதனோடு ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயமே. ரொட்டி ஈஸ்டின் மரபுத் தொகுதி முழுவதும் 1996இல் படித்தறியப்பட்டது. அதில் ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் உள்ளன. ஈஸ்ட் உயிர்வாழ இன்றியமையாத 414 மரபணுக்களை ஒவ்வொன்றாக அகற்றி, அவற்றின் இடத்தில் மனித மரபணுக்களை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியாயிற்று. ஏறக்குறையப் பாதியிடங்களில் மனித மரபணு அவ்வேலையைச் செவ்வனே செய்தது. நூறு கோடி ஆண்டுக்கு முன்பே பிரிந்துபோன இரு கிளைகள் இன்னும் ஒரே கருவிகளைப் பயன்படுத்துகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஈஸ்டின் ஆயுளை இரு வழிகளில் அளக்கின்றனர். தாய்ச் செல்லில் ஒரு சிறு மொட்டு தோன்றி, வளர்ந்து, மகவாகப் பிரிகிறது. அமெரிக்காவில் மார்ட்டிமர், ஜான்ஸ்டன் என்ற இருவர் நுண்ணோக்கியின் கீழ் நுண்ணிய ஊசியால் ஒவ்வொரு மகவையும் அகற்றி எண்ணி, தாய்ச் செல் எல்லையின்றிப் பெருகுவதில்லை என்று 1959இல் அறிவித்தனர். பெரும்பாலான ஆய்வு வகைகளில் ஒரு தாய் சராசரியாக 20 முதல் 30 மகவுகளை ஈன்றபின் ஓய்ந்து மடிகிறது. இது ஈற்றெண்ணிக்கையால் அளக்கும் ஆயுள். உணவு தீர்ந்தபின் பெருகாமல் காத்திருக்கும் செல் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று அளப்பது இரண்டாவது வழி. நம் தோலிலும் குடலிலும் உள்ள பெருகும் செல்களுக்கு முதல் அளவை ஒருவாறு ஒப்பாகும்; மூளை, இதயத் தசை போன்ற பெருகாச் செல்களுக்கு இரண்டாவது ஒப்பாகும்.

செல்லின் ஆற்றல் நிலையம்

செல்லுக்குள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து பெற்ற பொருள்களை உயிர்வளியின் துணையோடு எரித்து, அந்த ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறாக மாற்றித் தருவது இவற்றின் தலையாய பணி. ஏ.டி.பி.யைச் செல்லின் நாணயம் என்பர். எந்த வேலைக்கும் இந்த நாணயமே செலவாகிறது. 1929இல் இதனைக் கண்டறிந்தோருள் ஒருவர் ஆந்திர மண்ணின் மைந்தர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை இங்குள்ள மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். பீமாவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிஸ்க் என்பவருடன் பணியாற்றிய அவர், உடலில் உள்ள பாஸ்பரசை அளக்க எளிய நிறமுறை ஒன்றை முதலில் வகுத்தார். அந்த அளவுமுறையே பின்னர் பாஸ்போகிரியேட்டினையும் ஏ.டி.பி.யையும் அடையாளம் காட்டியது. நல்ல அளவுகோல் ஒன்றை உருவாக்குவதே பெரிய கண்டுபிடிப்புக்கு வழிகோலும் என்பதற்கு அது சான்று.

மைட்டோகாண்டிரியாவுக்குச் சொந்தமாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. மனிதனில் அது 16,569 எழுத்துகளும் 37 மரபணுக்களும் கொண்டது. எனினும் அந்நுண்ணுறுப்புக்குத் தேவையான புரதங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கான கட்டளைகள் செல்லின் உட்கருவில்தான் உள்ளன. உட்கரு என்னும் தலைமையகமும் மைட்டோகாண்டிரியா என்னும் களப் பிரிவும் இடையறாது செய்தி பரிமாறிக்கொண்டால்தான் ஆலை நடக்கும்.

ஈஸ்டுக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது. சர்க்கரை மிகுதியாகக் கிடைக்கும்போது, காற்று இருந்தாலும்கூட, அது பெரும்பாலும் நொதித்தல் வழியே வாழ்கிறது. ஒரு குளுகோஸ் மூலக்கூறுக்கு நிகரமாக 2 ஏ.டி.பி.யே இவ்வழியில் கிடைக்கும். மைட்டோகாண்டிரியா வழியில் அதைவிடப் பன்மடங்கு கிடைக்கும். ஆயினும் விரைவை நாடி ஈஸ்ட் வீண் செலவைப் பொறுத்துக்கொள்கிறது. சர்க்கரை தீர்ந்ததும், தானே உண்டாக்கிய எரிசாராயத்தை மைட்டோகாண்டிரியாவில் எரித்து வாழத் தொடங்குகிறது.

இச்சலுகையால் ஆய்வாளனுக்கு ஓர் அரிய வாய்ப்பு கிடைக்கிறது. மைட்டோகாண்டிரியாவின் சுவாசம் முற்றிலும் கெட்டாலும் ஈஸ்ட் சாகாது. சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பிழைத்துக்கொள்ளும். பாரிசில் போரிஸ் எப்ருசி என்பவர் 1949இல் இத்தகைய செல்களை விவரித்தார். அவை அமைக்கும் கூட்டங்கள் சிறியனவாக இருந்தமையால் பிரெஞ்சு மொழியில் 'பெத்தீத்', அதாவது சிறியது, என்று பெயரிடப்பட்டன. மனிதச் செல்லில் காண இயலாத முழுச் சேதத்தையும் ஈஸ்டில் நிதானமாக ஆராயலாம்.

மின்சாரம் குறைவதுதான் முதுமையா?

1956இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கொள்கையை முன்வைத்தார். உயிர்வளியை எரிக்கும்போது சிதறும் தீவிரத் துகள்கள் செல்லைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. இந்த அரிப்பின் கூட்டுத்தொகையே முதுமை என்றார். 1972இல் அத்துகள்களின் முக்கிய ஊற்று மைட்டோகாண்டிரியாவே என்று விரிவுபடுத்தினார். இதன்படி, எரிப்பு குறைந்தால் ஆயுள் கூட வேண்டும்.

ஈஸ்ட் ஆய்வுகள் தந்த விடை அவ்வளவு நேரானதாக இல்லை. வளர்ப்பு ஊடகத்தில் 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம் குளுகோசுக்குப் பதில் அரை கிராம் மட்டும் தந்தால் தாய்ச் செல்லின் ஆயுள் நீள்கிறது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. அப்போது சுவாசம் குறையவில்லை, கூடியது என்றும், அதனாலேயே ஆயுள் நீண்டது என்றும் அதே குழுவினர் 2002இல் கூறினர். ஹார்மனின் கொள்கைக்கு இது நேர் எதிர். ஆனால் 2005இல் வேறொரு குழுவினர், சுவாசமே இல்லாத செல்களிலும் உணவுக் குறைப்பு ஆயுளை நீட்டுகிறது என்று காட்டினர். இதற்கு முன்பே, 1999இல், சில ஈஸ்ட் வகைகளில் பெத்தீத் செல்கள் இயல்பான செல்களைவிட நீண்ட நாள் வாழ்வது தெரியவந்திருந்தது. வேறு வகைகளில் அப்பயன் காணப்படவில்லை.

முரண்பட்ட இம்முடிவுகளை மாணவர்கள் கவனத்துடன் நோக்க வேண்டும். சுவாசம் கெட்டதை அறிந்த உட்கரு, வேறு வழிகளைத் திறந்துவிடும் ஓர் எதிர்ச்செய்தியை நடைமுறைப்படுத்துகிறது. அச்செய்தி எவ்வளவு வலுவாகச் செயல்படும் என்பது வகைக்கு வகை மாறுகிறது. ஆகவே உற்பத்தியாகும் ஆற்றலின் அளவு மட்டும் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. ஆலை எவ்வளவு தருகிறது என்பதோடு, ஆலை எந்நிலையில் பேணப்படுகிறது, அதன் குறையைத் தலைமையகம் எப்போது அறிகிறது என்பவையும் சேர்ந்தே ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

இதற்கு ஒரு வலுவான சான்று உண்டு. சுவாசம் இல்லாமல் ஈஸ்ட் வாழலாம். மைட்டோகாண்டிரியாவே இல்லாமல் வாழ முடியாது. ஏனெனில் அந்நுண்ணுறுப்புக்கு மின் உற்பத்தியைத் தவிர வேறொரு பணியும் இருக்கிறது. இரும்பையும் கந்தகத்தையும் சேர்த்துச் சிறு கொத்துகளாகக் கட்டும் வேலை அங்கே தொடங்குகிறது. உட்கருவின் டி.என்.ஏ.யைப் படியெடுத்துச் செப்பனிடும் நொதிகளில் பலவற்றுக்கு இக்கொத்துகள் தேவை. மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. இழக்கப்பட்டால் இரும்பு-கந்தகக் கொத்துகள் குறைந்து, உட்கருவின் மரபுச் செய்தியும் நிலைகுலைகிறது என்று சியாட்டில் நகரிலுள்ள பிரெட் ஹட்சின்சன் ஆய்வு நிலையத்தார் 2009இல் நிறுவினர். மின்சாரம் போனதால் மட்டும் ஊர் இருண்டுவிடவில்லை. பழுதுபார்க்கும் உதிரிப் பாகங்களும் கிடைக்காமற் போனதே பெருங்கேடு.

கோளாறு தொடங்கும் இடம்

அப்படியானால் மைட்டோகாண்டிரியா ஏன் கெடுகின்றன? அதே நிலையத்தில் ஆடம் ஹியூசும் டேனியல் காட்ஷ்லிங்கும் 2012இல் அளித்த விடை பலரும் எதிர்பாராதது. கோளாறு மைட்டோகாண்டிரியாவில் தொடங்கவில்லை. செல்லின் கிடங்கில் தொடங்குகிறது.

ஈஸ்ட் செல்லுக்குள் வாக்குவோல் என்னும் பை இருக்கிறது. கழிவுகளைச் சிதைப்பதும், மிகுதியான அமினோ அமிலங்களைச் சேமித்து வைப்பதும் அதன் பணிகள். பையின் உட்புறம் புளிப்பாக, அதாவது அமிலத் தன்மையோடு, இருந்தால்தான் அமினோ அமிலங்களை உள்ளே இழுத்து வைக்க முடியும். தாய்ச் செல் சில மகவுகளை ஈன்ற அளவிலேயே இந்தப் புளிப்பு குறையத் தொடங்குகிறது. அதன்பின் சில தலைமுறைகள் கழித்தே மைட்டோகாண்டிரியாவின் சவ்வு மின்னழுத்தம் சரிந்து, அவற்றின் வலைப்பின்னல் துண்டு துண்டாக உடைகிறது. பையின் புளிப்பைக் காக்கும் பம்பு போன்ற புரதத்தை ஆய்வாளர்கள் கூடுதலாகத் தந்தபோது மைட்டோகாண்டிரியாவும் காக்கப்பட்டன, ஆயுளும் நீண்டது.

கிடங்கின் புளிப்பு குறைந்தால் ஆற்றல் நிலையம் ஏன் கெட வேண்டும் என்பது எட்டு ஆண்டுகள் விளங்காமல் இருந்தது. ஹியூஸ் பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்தில் அமைத்த குழு 2020இல் அந்த இடைவெளியை நிரப்பியது. கிடங்கில் இடம்பெற முடியாத சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் செல்லின் உட்பரப்பில் தேங்குகிறது. தேங்கிய சிஸ்டீன் இரும்பைச் செல் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. இரும்பு கிட்டாத மைட்டோகாண்டிரியா சரிகின்றன. ஊடகத்தில் இரும்பை மிகுத்துத் தந்தபோது இச்சரிவு தணிந்தது.

சிஸ்டீன் நஞ்சன்று, பல புரதங்களுக்குத் தேவையான பொருள். இரும்பும் செல்லில் இல்லாமற் போகவில்லை. சரக்கும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. சேமிப்பு ஒழுங்கு குலைந்ததால் ஒன்று தேங்கி, மற்றொன்று கிட்டாமற் போகிறது. உணவுக் கிடங்கு நிர்வாகத்தில் பழகிய அலுவலருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

புளிப்பு ஏன் குறைகிறது என்பதற்கும் 2014இல் ஒரு விளக்கம் கிடைத்தது. செல்லின் வெளிச்சவ்வில் உள்ள பி.எம்.ஏ.1 என்னும் புரதம் அமிலத் துகள்களை வெளியே தள்ளுகிறது. தாய்ச் செல்லில் இது வயதோடு மிகுந்துகொண்டே போவதால் வாக்குவோலுக்குள் செலுத்த வேண்டிய அமிலம் குறைந்துவிடுகிறது. புதிய மொட்டுக்கோ இப்புரதம் மிகக் குறைவாகவே போய்ச் சேர்கிறது. எனவே மகவின் கிடங்கு மீண்டும் புளிப்போடு தொடங்குகிறது.

தாயும் மகவும்

இங்கு ஈஸ்டின் இன்னொரு அரிய இயல்பு புலப்படுகிறது. இருபது மகவு ஈன்ற தாய் முதுமை அடைந்திருந்தாலும் அதன் மகவு பெரும்பாலும் புத்திளமையோடு பிறக்கிறது. மகவுக்குச் செல்லும் மைட்டோகாண்டிரியாவில் நல்லவை மிகுந்தும், பழுதுற்றவை தாயிடமே தங்கியும் விடுமாறு ஒரு தெரிவு நடைபெறுகிறது. தன் பங்கில் பழுதை வைத்துக்கொண்டு நல்ல முதலை அடுத்த தலைமுறைக்குத் தருவது ஈஸ்டின் குடும்பக் கணக்கு.

ஆனால் இந்த ஏற்பாடும் எல்லையற்றதன்று. மிக முதிர்ந்த தாயின் கடைசி மகவுகள் குறைந்த ஆயுளோடு பிறக்கின்றன. பழுது அளவு கடந்தபின் அதைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. அதுபோலவே, கெட்ட மைட்டோகாண்டிரியாவைச் செல் விழுங்கிச் செரித்துக்கொள்ளும் துப்புரவுப் பணியும் ஈஸ்டில் உண்டு. செல் தன்னைத் தானே செரித்துப் புதுப்பிக்கும் இம்முறையின் மரபணுக்களை ஈஸ்டில் கண்டறிந்ததற்காக ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தத் துப்புரவு நடைபெறும் இடமும் முன் கூறிய வாக்குவோலே. கிடங்கு கெட்டால் துப்புரவும் கெடும்.

எல்லாச் செல்களும் ஒரே வழியில் முதுமை அடைவதில்லை என்பதும் அண்மையில் தெளிவாகியுள்ளது. கலிபோர்னியாவில் சான் டியேகோ நகர ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரே மரபும் ஒரே சூழலும் கொண்ட ஈஸ்ட் செல்களில் ஒரு பகுதி உட்கருவின் ஒழுங்கு குலைந்தும், மற்றொரு பகுதி மைட்டோகாண்டிரியா நலிந்தும் மடிகின்றன. அவர்களே 2023இல், இவ்விரு வழிகளுக்கும் இடையே செல்லை மாறி மாறி ஊசலாடச் செய்யும் மரபணுச் சுற்று ஒன்றை அமைத்து, ஈஸ்டின் ஆயுளை 82 விழுக்காடு கூட்டினர். எந்த ஒரு துறையும் நெடுங்காலம் கவனிப்பாரற்று விடப்படாமல் இருந்ததே இவ்வெற்றியின் இரகசியம்.

மனிதனுக்கு எவ்வளவு பொருந்தும்?

ஈஸ்டில் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வது தவறு. நம் மூளையும் இதயமும் ஈஸ்டைப் போல நொதித்தல் வழியே பிழைக்க முடியாதவை. ஈஸ்டின் வாக்குவோலுக்கு இணையாக நம் செல்களில் லைசோசோம்கள் உள்ளன. ஆனால் நம் உடல் கோடானுகோடி செல்களின் கூட்டாட்சி. எனவே ஈஸ்ட் தருவது ஒரு வினாப் பட்டியலே. மருந்துச் சீட்டு அன்று.

சில வினாக்கள் பயன் தந்துள்ளன. பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்த சுரேந்திரநாத் சேகல், ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ராபமைசின் என்னும் பொருளை 1970களில் கனடாவில் பிரித்தெடுத்தார். அது செல்லில் எங்கே செயல்படுகிறது என்பதை 1991இல் ஈஸ்டைக் கொண்டே கண்டறிந்தனர். அந்த இலக்குக்கு டார் என்று பெயர். உணவு மிகுதியை உணர்ந்து செல்லை வளரத் தூண்டும் புரதம் அது. டார் தளர்ந்தால் ஈஸ்டின் மைட்டோகாண்டிரியா திறம்படச் செயல்பட்டு, பெருகாத நிலையின் ஆயுள் நீள்கிறது என்று 2007இல் அறியப்பட்டது. 2009இல் முதிய சுண்டெலிகளும் ராபமைசினால் கூடுதல் நாட்கள் வாழ்ந்தன. ஆனால் மனித ஆயுளை அது நீட்டும் என்று நிறுவப்படவில்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு நோய் எதிர்ப்பைத் தணிக்கத் தரப்படும் வலிய மருந்து அது என்பதை மறத்தலாகாது. இளமையை மீட்பதாக விளம்பரம் செய்து விற்கப்படும் மாத்திரைகளைக் காணும்போது ஈஸ்ட் ஆய்வின் இந்த நெடிய, முரண் நிறைந்த வரலாற்றை மாணவர்கள் நினைவிற் கொள்வது நல்லது.

மருந்தின்றியே மைட்டோகாண்டிரியாவைப் பேணும் வழி ஒன்று உறுதியாகத் தெரியும். அமெரிக்க உடலியலார் ஜான் ஹோலோசி 1967இல் எலிகளை நாள்தோறும் ஓடப் பழக்கி, அவற்றின் தசை மைட்டோகாண்டிரியாவின் சுவாச நொதிகள் ஏறத்தாழ இருமடங்கு ஆனதைக் காட்டினார். மனிதத் தசையிலும் இவ்விளைவு பின்னர் உறுதிப்பட்டது. திருமலைக்குப் படியேறி நடந்து செல்வோரின் கால்கள் கோரிக்கை அனுப்புகின்றன. தசையின் ஆற்றல் நிலையங்கள் அதற்கேற்பப் பெருகுகின்றன. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் ஏறுவது போதாது. நாள்தோறும் நடப்பதே பயன் தரும்.

இப்பகுதி செய்யக்கூடியது

1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1954இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகம், 2015இல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம், இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியன ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பது நாட்டின் பல பகுதிகளுக்கு வாய்க்காத பேறு. இப்பேற்றின் பயன் சிற்றூர்க் கல்லூரிகளையும் எட்ட வேண்டும். ஈஸ்ட் ஆய்வு அதற்கு ஏற்ற தொடக்கம், பெருஞ்செலவு வேண்டா.

சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொகுப்பகத்திலிருந்து ஆய்வுக்குரிய ஈஸ்ட் வகையைக் கல்லூரிகள் பெறலாம். அகார் ஊடகத்தைக் கிருமி நீக்க ஒரு பிரஷர் குக்கர் போதும். குளுகோஸ் இட்ட தட்டில் நூறு, இருநூறு செல்களைப் பரப்பி 30 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வளர்க்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சிறிது தொட்டெடுத்து, குளுகோசுக்குப் பதில் கிளிசரின் இட்ட தட்டில் வைக்க வேண்டும். கிளிசரினைப் புளிக்கவைத்துப் பிழைக்க இயலாது. சுவாசிக்கும் திறனுள்ள மைட்டோகாண்டிரியா உடையவையே அதை எரித்து வளரும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சில கூட்டங்கள் அங்கு வளராமல் நின்றுவிடும். எப்ருசி கண்ட பெத்தீத் அவைதாம்.

அடுத்த படியாக, இரு குடுவைகளில் 2 விழுக்காடும் அரை விழுக்காடும் குளுகோஸ் இட்டு ஈஸ்டை வளர்த்து, மூன்று வாரங்கள் வரை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை எத்தனை செல்கள் உயிரோடுள்ளன என்று எண்ணலாம். குறைந்த சர்க்கரையில் வளர்ந்தவை நீண்ட நாள் வாழக் காணலாம். உடனே உணவுக் குறைப்பே காரணம் என்று எழுதிவிடக் கூடாது. மிகுந்த சர்க்கரையில் வளரும் ஈஸ்ட் அசிட்டிக் அமிலத்தையும் மிகுதியாக உண்டாக்கித் தன்னைத் தானே கெடுத்துக்கொள்கிறது என்று 2009இல் நிறுவப்பட்டது. அமிலத்தைச் சமன்செய்த மூன்றாவது குடுவையையும் வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். ஒரு முடிவுக்கு வருமுன் மாற்றுக் காரணத்தை விலக்கும் இப்பழக்கம், அறிவியல் மாணவனுக்கும் திட்ட மதிப்பீடு செய்யும் அலுவலருக்கும் ஒருங்கே தேவை.

பராமரிப்பே முதலீடு

ஈஸ்ட் ஆய்வின் சாரத்தை மூன்று வாக்கியங்களில் சொல்லலாம். ஆயுள் உற்பத்தியின் அளவால் மட்டுமன்றிப் பராமரிப்பின் தரத்தாலும் அமைகிறது. சரிவு வெளியே தெரிவதற்கு வெகு முன்பே, வேறோர் இடத்தில், சிறியதாகத் தொடங்குகிறது. தொடக்கத்திலேயே கவனித்தால் சிறு உதவியும் பெரும் பயன் தருகிறது; பழுது முற்றியபின் அவ்வாறு இல்லை.

முதியோர் நலக் கொள்கைக்கும் இவை பொருந்தும். 1999ஆம் ஆண்டு முதியோருக்கான தேசியக் கொள்கை, 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2010-11இல் தொடங்கிய முதியோர் மருத்துவக் கவனிப்புக்கான தேசியத் திட்டம் ஆகியன அறுபதைக் கடந்தோரைக் காப்பவை, தேவையானவை. ஆனால் அறுபதில் தொடங்கும் கவனிப்பு, பழுதுற்றபின் வரும் கவனிப்பே. முப்பது வயதைக் கடந்த அனைவருக்கும் நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றைச் சோதித்தறியும் ஏற்பாடு அரசின் சுகாதாரப் பணியில் இடம்பெற்றுள்ளது. முதியோர் நலத்தின் மெய்யான தொடக்கம் அதுவே. கிராமத் துணை நிலையத்தில் நாற்பது வயது விவசாயியின் இரத்த அழுத்தத்தை அளந்து பதிவேட்டில் குறிக்கும் பணியாளர், நாளைய முதியவரை இன்றே பேணுகிறார். அந்தப் பதிவேடு முறையாக நிரப்பப்படுகிறதா என்று பார்ப்பது மேலதிகாரியின் கடமை.

புதிய கட்டடத்துக்குத் திறப்பு விழா நடக்கும். பராமரிப்புக்கு விழா எதுவும் இல்லை. அதனால் வரவு செலவுத் திட்டத்தில் முதலில் குறைக்கப்படுவது பராமரிப்புச் செலவாகவே இருந்துவிடுகிறது. ஒரு கரும்புச் சாற்றுத் துளியில் ஆயிரக்கணக்கில் அடங்கும் உயிர், அச்சிக்கனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சில நாட்களில் வாழ்ந்து காட்டிவிடுகிறது. நாடு வென்றெடுத்த கூடுதல் ஆண்டுகள் நலமான ஆண்டுகளாக அமைய, அப்பாடத்தை ஆய்வகத்தில் மாணவரும் அலுவலகத்தில் நிர்வாகியும் இப்போதே கற்றுச் செயற்படுத்துவார்களாக.